குதிரும் பதுக்கலும்: புதுக்கோட்டைச் சீமையில் கொள்ளைநோய்க் காலத்து மழைக்காலச் சேமிப்பு

குளிர்காலத்திற்கு முன் வீட்டை நிரப்பிக்கொள்வது என்று மேலை நாட்டார் சொல்வதற்கு நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் நேரான பொருள் ஒன்று உண்டு. அது அடைமழைக்கு முன் வீட்டை நிரப்பிக்கொள்வது. பனி பெய்யும் மார்கழி நமக்கு ஒரு பொருட்டன்று. ஐப்பசியும் கார்த்திகையுமே அடுப்பைச் சோதிக்கும் மாதங்கள். விறகு நனையும், களத்தில் நெல் காயாது, கடலோரத்தில் வலை இறங்காது, கூலி வேலை நின்றுபோகும். ஆகவே புரட்டாசி வெயில் இருக்கும்போதே அரிசி, பருப்பு, புளி, மிளகாய், கருவாடு ஆகியவற்றைக் காயவைத்து அடைப்பது தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் நடந்து வந்தது.

2020ஆம் ஆண்டு இவ்வழக்கம் விநோதமானதொரு சூழலில் திரும்பி வந்தது. அவ்வாண்டு நவம்பர் 24ஆம் நாள், நிவர் புயலை முன்னிட்டு ஏழு மாவட்டங்களில் பேருந்துப் போக்குவரத்தை அரசு நிறுத்தியது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், கடலூர், விழுப்புரம், செங்கல்பட்டு ஆகியவற்றோடு புதுக்கோட்டையும் அப்பட்டியலில் இருந்தது. மறுநாள் மாநிலம் முழுவதும் பொது விடுமுறை. மக்கள் கடைகளுக்கு ஓடினர். ஆனால் எட்டு மாதங்களுக்கு முன்பும் இதே மக்கள் இதே கடைகளுக்கு இதே வேகத்தில் ஓடியிருந்தனர். அப்போது காரணம் புயலன்று, கொரோனா. ஒரே ஆண்டில் இரண்டு முறை அரிசி மூட்டை தூக்கிய கைகள், எது சேமிப்பு, எது பதுக்கல் என்ற பழைய கேள்வியின் முன் நம்மை நிறுத்தின. நம் மார்க்கத்தில் அக்கேள்வி மிகப் பழையது. நம் மண்ணிலும் அது புதிதன்று.

முதலில் மண்ணைச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டைச் சீமைக்கு வற்றாத பேராறு கிடையாது. வெள்ளாறு மழை பெய்தால் ஓடும். இல்லையேல் மணலாய்க் கிடக்கும். அறந்தாங்கிப் பக்கம் கல்லணைக் கால்வாயின் கடைமடை நீர் வருகிறது. ஏனைய பகுதி பெரும்பாலும் கண்மாயையும் ஏரியையும் வானத்தையும் நம்பியது. ஒரு போகம் விளைந்தால் அதை ஆண்டு முழுவதும் வைத்துண்ண வேண்டும். அதனால்தான் இங்கே குதிரும் குலுக்கையும் பத்தாயமும் வீட்டின் உறுப்புகளாயின. வைக்கோலைப் பிசைந்த மண்ணை உறை உறையாக அடுக்கி எழுப்புவது குதிர். மேலே மூடியிருக்கும், அடிப்புறத்தில் ஒரு சிறு துளையிருக்கும். மேலே கொட்டிய புதுநெல் இறங்க இறங்க, கீழே பழைய நெல் முதலில் வெளிவரும். வசதியுள்ளோர் பலகையால் பத்தாயம் செய்தனர்.

குதிரில் வைக்கப்பட்டது அரிசியன்று, நெல். இதைச் சற்று நின்று நோக்க வேண்டும். உமி நீங்கிய அரிசி சில மாதங்களில் வண்டு பிடிக்கும். உமியோடிருக்கும் நெல் ஆண்டுக்கணக்கில் தாங்கும். வேண்டியபோது வேண்டிய அளவு அவித்து, காயவைத்துக் குத்திக்கொள்வர். குர்ஆனின் யூசுஃப் அத்தியாயத்தை ஓதியவர்களுக்கு இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வரும். எகிப்து மன்னரின் கனவுக்கு விளக்கம் சொன்ன யூசுஃப் (அலை) அவர்கள், ஏழாண்டு விளைச்சலில் உண்பதற்கு வேண்டிய சிறிதளவு போக எஞ்சியதைக் கதிரோடேயே விட்டுவைக்கச் சொன்னார்கள். பின்வரும் ஏழு வறட்சி ஆண்டுகளுக்கான திட்டம் அது. தானியக் காப்பின் நுட்பமும், விளையும் காலத்திலேயே கட்டுப்பாட்டோடு உண்ணும் ஒழுங்கும் அவ்வொரு கட்டளைக்குள் அடங்கியிருக்கின்றன. தட்டுப்பாடு வந்த பின் சேமிக்க அவர்கள் சொல்லவில்லை. நிறைவிருக்கும்போதே சேமிக்கச் சொன்னார்கள்.

என் நன்னி இவ்வசனங்களைத் தமிழில் அறிந்தவரல்லர், அரபியில் ஓதுவார். ஆனால் அவர் வீட்டுக் கணக்கு அதையொட்டியே நடந்தது. பங்குனி, சித்திரையில் புளியைக் கொட்டை நீக்கிக் கல்லுப்புத் தூவி உருட்டிச் சாடியில் அமுக்குவார். துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைப்பார். பருப்பாக உடைத்த பின் விளக்கெண்ணெய் தடவி வைப்பார். அரிசிப் பானைக்குள் வேப்பிலையும் வசம்பும் கிடக்கும். மிளகாய் மொட்டை மாடியில் சலசலக்கும். அடுப்புக்கு மேலிருந்த பரணில் கருவேல விறகும் வறட்டியும். கோட்டைப்பட்டினம், மீமிசல் பக்கத்திலிருந்து கூடையில் வரும் நெத்திலிக் கருவாடும் திருக்கைக் கருவாடும் மழைக்காலக் குழம்புக்கென்று ஓலைப்பெட்டியில் அடைபடும். இவற்றுக்கெல்லாம் ‘வருசச் சாமான்’ என்று பெயர். பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு கை புளி கேட்டு வந்தால் நன்னி இரண்டு கை கொடுப்பார். கொடுத்ததைக் கணக்கில் வைக்கமாட்டார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பின் கொடியில் தொங்கும் உப்புக்கண்டத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. குர்பானி இறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாதென நபி (ஸல்) அவர்கள் ஓராண்டு தடுத்தார்கள். மறு ஆண்டு தோழர்கள் இது குறித்துக் கேட்டபோது, சென்ற ஆண்டு மக்கள் துன்பத்திலிருந்தமையால்தான் தடுத்ததாகவும், இப்போது உண்ணலாம், பிறருக்கு உண்ணக் கொடுக்கலாம், சேமித்தும் வைக்கலாம் என்றும் விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இச்செய்தி உள்ளது. ஒரே இறைச்சி, ஒரே உப்பு, ஒரே கொடிக்கயிறு. வெளியே பசியிருந்த ஆண்டில் அது கூடாது, இல்லாத ஆண்டில் கூடும். நமது தலைப்பைப் பொறுத்தவரை இதைவிடத் தெளிவான அளவுகோலை நான் கண்டதில்லை.

வீட்டுக்கு ஓராண்டு உணவை ஒதுக்கிவைப்பது இறைநம்பிக்கைக்கு முரணானது என்று சிலர் எண்ணுவதுண்டு. பனூ நளீர் தோட்டத்துப் பேரீச்சங்கனிகளை விற்று, தம் குடும்பத்திற்கு ஓராண்டுக்கான உணவை நபி (ஸல்) அவர்கள் ஒதுக்கி வந்ததை உமர் (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள். ஆனால் அதே நபியவர்கள் இவ்வுலகைப் பிரிந்தபோது, அவர்களது கவசம் முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகிலிருந்தது. ஒதுக்கிவைத்தது வருவோருக்கும் இல்லாதோருக்கும் போய்விட்டது என்றே அறிஞர்கள் இவ்விரண்டையும் சேர்த்து விளங்கினர். மறுபுறம், பதுக்குபவன் பாவியே என்ற கருத்துடைய நபிமொழியும் முஸ்லிம் தொகுப்பில் இருக்கிறது. இமாம் நவவீ முதலியோர் இதன் எல்லையை வரையறுத்தனர்: விலையேறிய காலத்தில் உணவுப்பொருளை வாங்கி, மேலும் ஏறட்டுமென்று முடக்குவதே தடுக்கப்பட்டது, தன் நிலத்தில் விளைந்ததையோ, தன் குடும்பத் தேவைக்கானதையோ வைத்திருப்பது அதில் சேராது. இப்னு தைமிய்யா இன்னும் ஒருபடி சென்று, மக்கள் பசித்திருக்கும்போது தானியத்தை முடக்கியவரை நியாய விலைக்கு விற்கும்படி அதிகாரி கட்டாயப்படுத்தலாம் என்றார்.

கொள்ளைநோயும் உணவுப் பற்றாக்குறையும் ஒன்றாக வந்த காலத்தைத் தேடினால், ஹிஜ்ரி 18ஆம் ஆண்டையொட்டிய நாட்களுக்குப் போக வேண்டும். அரேபியாவில் மழை பொய்த்து மண் சாம்பல் நிறமானதால் அதற்குச் ‘சாம்பல் ஆண்டு’ என்றே பெயர் வந்தது. ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய். கலீஃபா உமர் (ரலி) அவர்கள், மக்களின் பசி தீரும்வரை நெய்யைத் தொடுவதில்லையென்று இருந்து, எண்ணெயையே உண்டு மேனி கறுத்தார்கள். ஆளுநர்களிடம் உணவு கேட்டு எழுதினார்கள். முதலில் வந்து சேர்ந்தது அபூ உபைதா (ரலி) அவர்கள் கொணர்ந்த நாலாயிரம் ஒட்டகச் சுமை உணவு என்று தபரீ பதிவு செய்கிறார். அந்த அபூ உபைதா (ரலி) அவர்களையே அம்வாஸ் நோய் கொண்டுபோனது. நோயில்லாத ஊரிலிருந்து நோயுள்ள ஊருக்குப் போக வேண்டாம் என்ற நபிமொழியை மட்டும் 2020இல் நாம் மீண்டும் மீண்டும் கேட்டோம். அந்த ஒட்டகங்களைப் பற்றி அவ்வளவாகக் கேட்கவில்லை.

நம் நாட்டில் இதற்கு நெருங்கிய நிகழ்வு 1918. மே, ஜூன் மாதங்களில் பம்பாய்த் துறைமுகம் வழியே நுழைந்த இன்ஃப்ளுயன்சா, செப்டம்பருக்குப் பின் கொடிய இரண்டாம் அலையாக நாடெங்கும் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடியே இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது ஆய்வாளர் கணிப்பு. அதே ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பெரிதும் பொய்த்தது. உலகப் போரினால் கப்பல்கள் கிடைக்கவில்லை. அரிசி, துணி, உப்பு, மண்ணெண்ணெய் ஆகிய அனைத்தின் விலையும் ஏறியது. செப்டம்பரில் சென்னை நகரிலும் மாகாணத்தின் பல ஊர்களிலும் தானியக் கடைகள் சூறையாடப்பட்டன. இக்கலகங்களை ஆராய்ந்தவர்கள் வியப்பான ஒன்றைக் குறிப்பிடுகின்றனர். பல இடங்களில் கூட்டத்தார் முதலில் கேட்டது இலவசத்தை அன்று. பழைய விலைக்கு விற்கச் சொன்னார்கள். மறுத்த பின்னரே பூட்டு உடைந்தது. இப்னு தைமிய்யா அதிகாரியின் பொறுப்பாகச் சொன்னதை, அதிகாரி செய்யாத இடத்தில் பசித்தவர்கள் தாமே செய்ய முற்பட்டனர் போலும். சூறையாடலை நான் நியாயப்படுத்தவில்லை. கிடங்கை நிரப்பிக் கதவடைத்தவரின் பங்கையும் அதே ஏட்டில் எழுத வேண்டும் என்கிறேன்.

அப்போது புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் தனி அரசு. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தை ஒட்டிப் பொறுப்பேற்ற திவான் சேஷையா சாஸ்திரி, ஏரி குளங்களைச் சீரமைப்பதை முக்கியப் பணியாகக் கொண்டிருந்தார். தானியக் காப்பு நீர்க் காப்பிலிருந்து தொடங்குகிறது என்பதை அறிந்தவர். இச்சமஸ்தானத்தில் வேறொரு வழக்கமும் இருந்தது. நவராத்திரி நாட்களில் அரண்மனை சார்பில் மக்களுக்கு அரிசியும், அதனோடு அம்மன் காசு என்னும் சிறு செப்புக் காசும் வழங்கப்பட்டன. அது அரசரின் சமயம் சார்ந்த தருமம். ஆயினும் நாட்காட்டியைப் பார்த்தால், அடைமழைக்குச் சற்று முன்னால், பழைய நெல் தீர்ந்து புதுநெல் வராத வேளையில் அந்த அரிசி வந்திருக்கிறது. தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனபின் ரங்கூன் அரிசி நின்றது. நம் கடற்கரை ஊர்களின் எத்தனையோ குடும்பங்களுக்கு அரிசியோடு பிழைப்பும் நின்றது. அங்கே கடை வைத்திருந்தோர் கால்நடையாகவும் கப்பலிலும் திரும்பினர். அதன் பின் பங்கீட்டு முறை வந்தது. 1952இல் இராஜாஜி கட்டுப்பாட்டை நீக்கினார். பிற்காலத்தில் ரேஷன் கடை ஊருக்கு ஊர் நிலைபெற்றது. குதிரை ஒழித்தது ரேஷன் கடையும் அரிசி ஆலையுமே. மாதந்தோறும் அரிசி கிடைக்குமென்ற உறுதி வந்தபின் ஆண்டுக்கணக்கில் நெல்லைக் காக்க வேண்டிய தேவை குறைந்தது. இது நல்லதே. ஆனால் காக்கும் கலையும் கூடவே போய்விட்டது.

அதை நாங்கள் அறிந்தது 2020இல். மார்ச் 24ஆம் நாள் மாலை தமிழகத்தில் 144 தடையுத்தரவு. அன்றிரவே நாடு தழுவிய ஊரடங்கு அறிவிப்பு. அன்று பகலில் நான் எங்களூர் மளிகைக் கடையில் மூன்று சிப்பம் பொன்னி அரிசி, பத்து கிலோ துவரம்பருப்பு, இரண்டு டின் எண்ணெய் வாங்கினேன். கையில் பணமிருந்தது, அதனால் வாங்கினேன். வீட்டில் நால்வர்தாம். எனக்குப் பின்னால் நின்ற பெண்மணி கூலி வேலைக்குப் போகிறவர். கால் கிலோ பருப்பு கேட்டார். நாளைக்குச் சரக்கு வந்தால் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். அந்தப் பத்து கிலோ என் வண்டியில் இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். ஆனால் இறக்கிக் கொடுக்கவில்லை. நவவீ அவர்களின் வரையறைப்படி அது பதுக்கலாகாது. நான் விற்பதற்கு வாங்கவில்லை. உப்புக்கண்டத்தின் அளவுகோலை வைத்தால் என்னவாகும் என்பதைப் பின்னர் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் நடுப்பகுதி கடந்தும் நம் மாவட்டத்தில் தொற்று பதிவாகவில்லை; அண்டை மாவட்டங்கள் பலவற்றில் பரவியிருந்தது. பயம் மட்டும் முன்னதாகவே வந்து கடைகளை வெறுமையாக்கியிருந்தது. அரிசி அட்டைதாரர்களுக்கு ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் அரசு அளித்தது. ரமலான் நெருங்கியது. நோன்புக் கஞ்சிக்காக 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 மெட்ரிக் டன் பச்சரிசி ஒதுக்கப்பட்டது. பள்ளிவாசலில் கூடிக் காய்ச்சும் வழியில்லாமையால், அரிசியைத் தன்னார்வலர்கள் வீடுகளுக்கே கொண்டுசேர்க்கும் ஏற்பாடு. நினைவு தெரிந்த நாளாகப் பள்ளியின் பெரிய அண்டாவில் வெந்த கஞ்சி, அவ்வாண்டு ஒவ்வொரு வீட்டுச் சட்டியிலும் தனித்தனியே வெந்தது. பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் அதேதான், சுவை அமையவில்லை.

அந்த ரமலானில்தான் ஃபித்ரா தருமத்தின் வடிவம் எனக்கு முழுதாய் விளங்கியது. பணமாகக் கொடுத்துப் பழகிய பலர் அவ்வாண்டு அரிசியாகவே கொடுத்தனர். ஆளுக்கு ஒரு ஸாஉ, ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. கடையில் அரிசி தட்டுப்படும் நாளில் பணத்தைவிட அரிசிக்கே பொருள் அதிகம். உணவு குறைந்தால் எல்லாரும் இருப்பதை ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொண்ட அஷ்அரீ குலத்தாரைத் தம்மைச் சேர்ந்தவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டியதாக வரும் செய்தியை, அந்நாட்களில் நிவாரணப் பொட்டலம் கட்டிய இளைஞர்கள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். பொட்டலம் சமயம் பார்க்காமல் போனது.

ஆகஸ்டு 1இல் ஹஜ்ஜுப் பெருநாள் ஊரடங்குக்குள்ளேயே கடந்தது. அடுத்து மழைக்காலம். செப்டம்பரில் மத்திய அரசு அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தைத் திருத்தி, தானியம், பருப்பு, எண்ணெய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இருப்புக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. ஒரு மாதம் கழிவதற்குள் வெங்காய விலை உயர, அக்டோபர் 23இல் மொத்த வியாபாரிக்கு 25 டன், சில்லறை வியாபாரிக்கு 2 டன் என்று உச்சவரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. தமிழக அரசு பண்ணைப் பசுமைக் கடைகளில் கிலோ 45 ரூபாய்க்கு வெங்காயம் விற்றது. பதுக்கலைப் பற்றிப் பழைய ஃபிக்ஹு நூல்கள் எழுதியதை ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணுவோர் அந்த ஒரு மாதத்தைப் படித்துப் பார்க்கலாம்.

ஐப்பசி முதல் மழையன்று என் மூன்று சிப்பங்களில் கடைசியைப் பிரித்தேன். வண்டு நெளிந்தது. மார்ச் மாதத்து அரிசி, வேப்பிலையுமில்லை, வசம்புமில்லை, பிளாஸ்டிக் சாக்கில் ஈரத்தரையில் கிடந்தது. புடைத்துப் பார்த்தும் பயனில்லை. கால் பங்கு தேறியது, மற்றது கோழிக்குப் போனது. நன்னி உயிரோடிருந்தால் அரிசியை ஆண்டுக்கு வாங்கினாயா என்று சிரித்திருப்பார்.

நவம்பரில் புயல் செய்தி வந்தபோது ஊரில் எவரும் அதை அலட்சியம் செய்யவில்லை. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி, மணமேல்குடிப் பகுதிகளின் தென்னைகளைச் சாய்த்து, வாரக்கணக்கில் மின்சாரமில்லாமல் வைத்த நினைவு பச்சையாயிருந்தது. அப்போது மாவு அரைக்க வழியின்றிச் சோறு மட்டுமே வடித்தோம், மெழுகுவத்தி பொன்னாயிற்று. ஆகவே இம்முறை வாங்கியோர் எதை வாங்குவதென்று தெரிந்து வாங்கினர்: தீப்பெட்டி, மெழுகுவத்தி, ரவை, கருவாடு, பால்மாவு, மாத்திரை. முகக்கவசத்தோடு, கோடிட்ட வட்டத்திற்குள் நின்று. எங்கள் தெருக் கடைக்காரர் ஆளுக்கு இரண்டு கிலோ பருப்புக்கு மேல் தரவில்லை. மார்ச்சில் அவர் அப்படிச் செய்திருந்தால் நான் கோபித்திருப்பேன்.

நிவர் வடக்கே புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. அடுத்த வாரம் புரெவி, இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து நின்று மழையாய்க் கொட்டியது. ஏப்ரல் முதல் வந்துகொண்டிருந்த கூடுதல் விலையில்லா அரிசி அந்த நவம்பரோடு முடிந்திருந்தது, மழை முடிந்திருக்கவில்லை. 2021 ஜனவரியில், அறுவடைக்கு நின்ற சம்பாப் பயிர் மீது பருவம் தவறிய மழை பெய்து, சாய்ந்த கதிர்கள் வயலிலேயே முளைத்தன. அவ்வாண்டு ஜூனில், இரண்டாம் அலையின்போது, ரேஷன் கடைகளில் கோதுமை மாவு, ரவை, உளுந்து, புளி, கடுகு, சீரகம் முதலான பதினான்கு மளிகைப் பொருட்கள் அடங்கிய பை கொடுத்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் அந்தக் கால் கிலோ பருப்புப் பெண்மணி நின்றிருந்தார். என்னை அடையாளம் கண்டு, “வீட்ல எல்லாரும் சொகமா தம்பி?” என்று கேட்டார். நலம் என்று சொன்னேன்.

நன்னியின் குதிரைக் கஜா புயலன்று இடிந்த சுவர் உடைத்துவிட்டது. பல ஆண்டுகளாக அதில் நெல் இல்லை. பழைய பாய்களும் ஒரு உடைந்த அரிக்கேன் விளக்குமே இருந்தன. அந்த மண்ணைக் கொல்லையில் கொட்டினோம். இப்போது அதன் மேல் ஒரு முருங்கை நிற்கிறது.